மாறாத தாளமும் மனிதக் குரலும்: டான்ஸ் பாப் கலைஞர்களுக்கு ஓர் அறிமுகம்

மேசையில் விரலால் தட்டிப் பாருங்கள். நொடிக்கு இரண்டு தட்டு. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மறுபடியும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. எந்தத் தட்டும் மற்றதைவிட ஓங்கக் கூடாது, எதுவும் விடுபடக் கூடாது. ஐந்து நிமிடம் இப்படியே தட்டினால் கை சலித்துவிடும். ஆனால் அதே தட்டைப் பெரிய ஒலிபெருக்கியில், நெஞ்சுக்குள் அதிரும் டிரம் அடியாகக் கேட்டால் கால் சும்மா இருக்காது. டான்ஸ் பாப் என்று சொல்லப்படும் இசை இந்த அடியின் மேல்தான் நிற்கிறது.

அந்த அடியைக் கொடுப்பது ஆழ்ந்த ஒலி எழுப்பும் பேஸ் டிரம். இரண்டாவது, நான்காவது அடிகளில் கைதட்டலைப் போன்ற ஓசை ஒன்று சேரும். அடிக்கும் அடிக்கும் நடுவே ஹை-ஹாட் என்ற சிறு உலோகத் தகடுகள் ஒலிக்கும். கீழே பேஸ் கிட்டாரோ சிந்தசைசர் என்ற மின்னணு வாத்தியமோ ஒரு சிறிய சுரத்தொடரைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருக்கும். வேகம் பெரும்பாலும் நிமிடத்துக்கு 110 முதல் 130 அடி வரை. வேகமாக நடக்கிறவரின் காலடி வேகம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதே அடி 1970-களின் டிஸ்கோவிலும் உண்டு, அதன் பின் வந்த ஹவுஸ் இசையிலும் உண்டு. பிறகு டான்ஸ் பாப்புக்கு மட்டும் என்ன தனி அடையாளம்? ஹவுஸ் இசையில் நாயகன் டி.ஜே. ஒரு பதிவு ஏழு எட்டு நிமிடம் ஓடும். குரல் வரலாம், வராமலும் போகலாம். டான்ஸ் பாப் அப்படியல்ல. இங்கே மூன்று நான்கு நிமிடத்தில் முடியும் ஒரு பாட்டு இருக்கிறது. சரணமும், கேட்டவுடன் வாயில் ஒட்டிக்கொள்ளும் பல்லவியும் இருக்கின்றன. அதைப் பாடுகிற ஒரு மனிதர் இருக்கிறார். ஆடுகளத்துக்கான தாளம், வானொலிக்கான பாட்டு, இரண்டையும் கோத்துக் கொடுக்கும் ஒரு குரல்.

இந்த இசையை மேலோட்டமானது என்று ஒதுக்குகிறவர்கள் அந்தக் குரலின் வேலையைக் கவனிப்பதில்லை என்பது என் எண்ணம். பாடகரின் உணர்ச்சிக்கு ஏற்ப இந்தத் தாளம் மெதுவாகாது, வேகமெடுக்காது, நிற்காது. பியானோ வாசிப்பவர் பாடகிக்காக ஒரு கணம் காத்திருப்பார். டிரம் அடியைத் தானே ஒலிக்கும் டிரம் மெஷின் காத்திருக்காது. ஆகவே ஒவ்வொரு பாடகியும் இந்த மாறாத அடிக்கு முன் தான் எப்படி நிற்பது என்று முடிவு செய்தாக வேண்டும். அதன் மேல் மிதப்பதா, அதில் ஏறிச் சவாரி செய்வதா, அதோடு கரைந்துவிடுவதா, அதை எதிர்த்து நிற்பதா? இந்த ஒரு கேள்வியோடு கேட்டால், எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே என்று தோன்றிய பாடல்கள் தனித்தனி முகங்களாகப் பிரியத் தொடங்கும்.

மியூனிக் நகரில் பிறந்த ஒலி

டோனா சம்மர் அமெரிக்காவின் பாஸ்டனில் தேவாலயத்தில் பாடி வளர்ந்தவர். இசைநாடகம் ஒன்றில் நடிக்க ஜெர்மனிக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். மியூனிக்கில் இத்தாலியரான ஜோர்ஜோ மொரோடரும் ஆங்கிலேயரான பீட் பெலாட்டும் அவரை வைத்துப் பாடல்கள் தயாரித்தார்கள். 1977-இல் வந்த ஓர் ஆல்பத்தில் வெவ்வேறு காலகட்டங்களின் இசையை நினைவூட்டும் பாடல்களைச் செய்துவிட்டு, கடைசிப் பாடல் எதிர்காலத்தின் இசையாக இருக்கட்டும் என்று தீர்மானித்தார்கள். அந்தக் கடைசிப் பாடல்தான் 'ஐ ஃபீல் லவ்'.

அதுவரை டிஸ்கோ என்றால் வயலின் கூட்டம், டிரம்பெட், கிட்டார் என்று ஒரு மேடை நிறைய வாத்தியங்கள். இந்தப் பாட்டில் ஏறத்தாழ எல்லாமே மூக் நிறுவனத்தின் பெரிய சிந்தசைசர் ஒன்றிலிருந்து வந்தவை. அந்தக் கருவி சூடேறினால் சுருதி விலகிவிடும். அதனால் சிறு சிறு துண்டுகளாகப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. பேஸ் வரியை ஒரு பக்கத்தில் அப்படியே விட்டு, மறு பக்கத்தில் இம்மி தாமதமாக ஒலிக்க வைத்தார்கள். ஹெட்ஃபோனில் கேட்கும்போது இசை இடமும் வலமுமாகத் துடிப்பதற்கு இதுவே காரணம். பேஸ் டிரம்மின் அழுத்தம் மட்டும் அந்தக் கருவியில் சரியாக வரவில்லை. அதைக் கீத் ஃபோர்சி என்ற டிரம்மர் வாசித்தார்.

இப்போது குரலைக் கவனியுங்கள். பேஸ் வரி விடாமல் ஓடுகிறது. டோனா சம்மர் ஓடவில்லை. பாட்டில் சொற்கள் மிகக் குறைவு. ஒவ்வொன்றையும் உயர்ந்த சுருதியில், காற்றைப் போல லேசாக, நிதானமாக நீட்டுகிறார். தேவாலயத்தில் முழுத் தொண்டையில் பாடிப் பழகியவர் அந்த பலத்தையெல்லாம் உள்ளே அடக்கி வைத்துக்கொண்டு பாடுகிறார் என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. இயந்திரத்தோடு போட்டி போடாமல் அதன் மேல் மிதக்கும் இந்த வழியைப் பின்னால் வந்த எத்தனையோ பாடகிகள் எடுத்துக்கொண்டார்கள். முதலில் ஒரு சிங்கிள் இசைத்தட்டின் பின்பக்கத்தில்தான் இந்தப் பாட்டு வெளியானது; பிறகு பிரிட்டனில் நான்கு வாரம் முதலிடத்தில் இருந்தது. பெர்லினில் இசைப்பதிவில் இருந்த ராக் பாடகர் டேவிட் போவியிடம் அவரோடு பணியாற்றிய இசைக்கலைஞர் பிரையன் ஈனோ இந்த இசைத்தட்டோடு வந்து, எதிர்காலத்தின் ஒலி இதுதான் என்று சொன்னதைப் போவி பிற்பாடு நினைவுகூர்ந்திருக்கிறார்.

டிஸ்கோவுக்கு எதிரான கோபமும் எழுந்தது. 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் கொமிஸ்கி பார்க் மைதானத்தில், இரண்டு பேஸ்பால் ஆட்டங்களுக்கு நடுவே, ஒரு வானொலி அறிவிப்பாளரின் ஏற்பாட்டில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடி வைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. இரண்டாவது ஆட்டம் நடக்கவே இல்லை. டிஸ்கோ கறுப்பின மக்களும் லத்தீன் அமெரிக்கர்களும் தன்பாலின ஈர்ப்புடையவர்களும் ஆடிய கிளப்புகளில் வளர்ந்த இசை. அந்தக் கோபம் முழுவதும் இசை ரசனை சார்ந்தது என்று என்னால் நம்ப முடியவில்லை. அதன் பிறகு நிறுவனங்கள் டிஸ்கோ என்ற பெயரையே தவிர்க்கத் தொடங்கின. கிளப்புகளில் ஆட்டம் நிற்கவில்லை. பெரிய வாத்தியக் குழுவுக்குச் செலவழிக்க முடியாத சிறு நிறுவனங்களுக்கு டிரம் மெஷினும் சிந்தசைசரும் கைகொடுத்தன. கிளப்புகளுக்கென்றே ரீமிக்ஸ்கள் எனப்படும், பாட்டை நீட்டி மாற்றியமைத்த வடிவங்கள் 12 அங்குல இசைத்தட்டுகளில் வந்தன. தட்டு பெரிதானால் அதன் வரிப்பள்ளங்களை அகலமாக வெட்டலாம், பேஸ் ஒலியை ஓங்கி வைக்கலாம் என்பதே அந்த அளவின் பயன்.

நடனக்காரி பாட வந்தபோது

மடோனாவைப் பாடகி என்று தொடங்குவதைவிட நடனக்காரி என்று தொடங்குவது சரியாக இருக்கும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நடனத்துக்காக உதவித்தொகை பெற்றுப் படித்தவர், படிப்பைப் பாதியில் விட்டு 1978-இல் நியூயார்க் போனார். பேர்ல் லாங் என்ற நடன ஆசிரியரிடம் பயின்றார். பிறகு இசைக்குழுக்களில் டிரம் வாசித்தார். கால் எதைக் கேட்டால் அசையும் என்பது அவருக்கு உடம்பிலேயே தெரிந்திருந்தது.

டான்ஸ்டீரியா என்ற கிளப்பில் டி.ஜே.யாக இருந்த மார்க் கேமின்ஸிடம் தன் மாதிரிப் பதிவைக் கொடுத்தார். அவர் அதை அங்கேயே போட, ஆடுகளத்தில் இருந்தவர்கள் நிற்காமல் ஆடினார்கள். கேமின்ஸ் மூலமாக சையர் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் சீமோர் ஸ்டைனிடம் விஷயம் போனது. அவர் மருத்துவமனைப் படுக்கையிலிருந்தே மடோனாவை வரவழைத்து ஒப்பந்தம் பேசினார். 1982 அக்டோபரில் முதல் சிங்கிள் 'எவ்ரிபடி' வந்தது. அதன் உறையில் மடோனாவின் படம் இல்லை. ஒரு நியூயார்க் தெருக்காட்சிதான் இருந்தது. பாடியவர் கறுப்பினப் பெண் என்றே பலர் நினைத்தார்கள். அடுத்த ஆண்டு 'ஹாலிடே' அவரை அமெரிக்கப் பாப் பட்டியலுக்குள் கொண்டு சேர்த்தது. அதைத் தயாரித்த ஜான் 'ஜெல்லிபீன்' பெனிடெஸும் ஒரு கிளப் டி.ஜே.தான்.

மடோனாவின் குரல் பெரிய குரல் அல்ல. அவருடைய சமகாலத்தவரான விட்னி ஹியூஸ்டனோடு ஒப்பிட்டால் அது தெளிவாகவே தெரியும். ஆனால் தாளத்தில் சொல்லை எங்கே வைக்க வேண்டும் என்பதில் அவர் தவறுவதே இல்லை. சொற்களைக் குட்டையாக வெட்டி, அடியின் உச்சியிலேயே போடுகிறார். கேட்பவரைப் பார்த்து எழுந்து வா, ஆடு என்று அழைக்கும் தொனி அவருடைய ஆரம்பப் பாடல்கள் பலவற்றில் இருக்கிறது. டோனா சம்மர் தாளத்தின் மேல் மிதந்தார் என்றால், மடோனா அதன் மேல் ஏறி அமர்ந்து கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டார்.

அவரைப் பற்றிய விவாதமும் இங்கேதான் தொடங்குகிறது. 1990-இல் வந்த 'வோக்' பாடல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கறுப்பின, லத்தீன் தன்பாலின, திருநர் சமூகத்தினர் நடத்திவந்த நடனப் போட்டிகளிலிருந்து பிறந்தது. பத்திரிகை அட்டைப்பட மாடல்களைப் போல உடலைக் கோணங்களில் நிறுத்தி ஆடும் முறை அது. அந்த உலகத்தைச் சேர்ந்த ஹோசே குட்டியெரஸ், லூயிஸ் கமாச்சோ இருவரையும் மடோனா தன் நடனக் குழுவில் சேர்த்துக்கொண்டார். ஒரு சிறிய சமூகத்தின் கலையை உலகுக்குக் காட்டினார் என்று ஒரு சாரார் சொல்வார்கள். பெயரும் பணமும் அவருக்குத்தானே போயின என்று இன்னொரு சாரார் கேட்பார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. டான்ஸ் பாப்பின் வரலாறு முழுக்க இந்தக் கேள்வி கூடவே வருகிறது.

நமக்குப் பக்கத்து ஒரு செய்தி: 2012-இல் அமெரிக்காவின் சூப்பர் பௌல் இறுதியாட்ட இடைவேளையில் மடோனா பாடியபோது அவரோடு மேடையேறியவர்களில் ஒருவர் எம்.ஐ.ஏ. என்ற மாதங்கி அருள்பிரகாசம். லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்துவிட்டு லண்டன் திரும்பிய ஈழத்தமிழர். அன்று பாடிய புதிய பாடலை எழுதியவர்களில் அவர் பெயரும் உண்டு. 2024 மே மாதம் ரியோ டி ஜெனிரோவின் கொபகபானா கடற்கரையில் மடோனா இலவச நிகழ்ச்சி நடத்தியபோது அவருக்கு வயது 65. சுமார் 16 லட்சம் பேர் கூடியதாக அந்த நகர நிர்வாகம் கணக்கிட்டது.

தங்கை ஜேனட்

மைக்கேல் ஜாக்சனை அறியாதவர் குறைவு. 'பில்லி ஜீன்' பாடலில் மூச்சு இழுப்பையும் விக்கலையும்கூட அவர் தாள வாத்தியமாக்கியிருப்பதைக் கேட்டால் போதும், குரலே டிரம் ஆவது எப்படி என்று புரிந்துவிடும். அவரைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது; அவருடைய தங்கை ஜேனட் ஜாக்சனைப் பற்றி நம்மிடையே பேச்சே குறைவு.

ஜேனட்டின் முதல் இரண்டு ஆல்பங்கள் பெரிதாகக் கவனம் பெறவில்லை. அப்பாவின் நிர்வாகத்திலிருந்து விலகி, மினியாபொலிஸ் நகருக்குப் போய் ஜிம்மி ஜாம், டெர்ரி லூயிஸ் என்ற இருவரோடு சேர்ந்தார். அவர்கள் உடனே ஒலிப்பதிவுக்கு உட்காரவில்லை. சில நாட்கள் ஜேனட்டோடு ஊர் சுற்றி, பேசிக்கொண்டே இருந்தார்கள். தான் பேசியதெல்லாம் பாட்டாகி வருவதை ஜேனட் பிறகுதான் கண்டார். 1986-இல் 'கன்ட்ரோல்' வெளியானபோது அவருக்கு 19 வயது. என் வாழ்க்கை என் கையில் என்பதுதான் அந்த ஆல்பத்தின் செய்தி. டிரம் மெஷின்களின் அடி உலோகத்தை உலோகத்தால் அறைவது போல விழுகிறது. அதன் நடுவே ஜேனட்டின் மெல்லிய குரல் அஞ்சாமல், பேச்சுக்கு அருகிலான தொனியில் பதில் சொல்கிறது.

பாடலோடு நடனத்தையும் பிரிக்க முடியாமல் சேர்த்துக் கட்டியது ஜேனட்டின் பெரிய பங்களிப்பு. அந்த ஆல்பத்தின் பல வீடியோக்களுக்கு நடனம் அமைத்த பாலா அப்துல் சில ஆண்டுகளில் தானே டான்ஸ் பாப் நட்சத்திரமானார். 1989-இல் வந்த 'ரிதம் நேஷன்' வீடியோவில் ராணுவச் சீருடை அணிந்த கூட்டம் ஒரே உடம்பாக அசைகிறது. பின்னணியில் ஒரு குழுவே ஆட, நடுவில் பாடகியும் அதே அசைவை அதே துல்லியத்தில் ஆடுவது இன்று கொரியப் பாப் வரை வழக்கமாகிவிட்டது. அதன் இலக்கணத்தை எழுதியவர்களில் ஜேனட் முதல் வரிசையில் இருக்கிறார். இதே பாட்டைப் பற்றி ஒரு விசித்திரத் தகவலும் உண்டு. சில பழைய மடிக்கணினிகளில் இதை ஒலிக்கவிட்டால் அவற்றின் ஹார்ட் டிஸ்க் செயலிழந்துவிடும். பாட்டிலிருந்த ஓர் அதிர்வெண் டிஸ்க்கின் இயல்பான அதிர்வோடு ஒத்துப்போனதே காரணம் என்று மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ஒருவர் 2022-இல் எழுதினார்.

லண்டன் தொழிற்சாலையிலிருந்து கைலி

1980-களின் பிற்பகுதியில் லண்டனில் ஸ்டாக், ஐட்கன், வாட்டர்மேன் என்ற மூவர் கூட்டணி வாரத்துக்கு வாரம் வெற்றிப் பாடல்களை உருவாக்கியது. தங்கள் பாணியைத் தொழிற்சாலை என்று பிறர் சொன்னதை அவர்கள் மறுக்கவும் இல்லை. ஆஸ்திரேலியத் தொலைக்காட்சித் தொடரில் நடித்துக்கொண்டிருந்த கைலி மினோக் அவர்களிடம் பாட வந்தார். வந்தவரை மறந்தே போய்விட்டார்கள். ஊர் திரும்ப வேண்டிய நாளில் அவர் வந்து வெளியே காத்திருக்க, உள்ளே சுமார் 40 நிமிடத்தில் ஒரு பாட்டை எழுதி முடித்ததாக அவர்களே சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பாட்டு பிரிட்டனில் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது.

தொழிற்சாலைப் பாடகிக்கு ஆயுள் குறைவு என்றே அப்போது எல்லோரும் எண்ணினார்கள். கைலி நிலைத்ததற்கு 2001-இல் வந்த 'கான்ட் கெட் யூ அவுட் ஆஃப் மை ஹெட்' பாடலைச் சான்றாகக் கேட்கலாம். கேத்தி டென்னிஸும் ராப் டேவிஸும் எழுதியது. சொல்லே இல்லாத 'லா லா லா' தான் கேட்பவரை இழுத்துப் பிடிக்கும் அதன் கொக்கி. கைலி அதில் உணர்ச்சியைக் கொட்டுவதில்லை. குரலை ஒரே மட்டத்தில், குளிர்ச்சியாக, இயந்திரத்தின் ஓர் உறுப்பைப் போல வைத்துக்கொள்கிறார். மனதிலிருந்து ஒருவரை அகற்ற முடியாத தவிப்பு இப்படித்தான் இருக்கும்: அழுகை இல்லை, ஒரே நினைப்பு சுற்றிச் சுற்றி வருகிறது. தாளத்தில் கரைந்துபோவதும் ஒரு கலைதான் என்பதை கைலியைவிடத் தெளிவாகக் காட்டியவர் இல்லை. 2024-இல் கிராமி விருதுகளில் பாப் நடனப் பதிவுக்கென்று முதன்முறையாக ஒரு பிரிவு ஏற்படுத்தப்பட்டபோது அதை வென்றவர் 55 வயதான கைலிதான்.

முகம் மறைக்கப்பட்ட குரல்

இந்த இசையின் முக்கியக் கலைஞர்கள் என்று எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் விடுபடக் கூடிய ஒருவர் இருக்கிறார். அவரை விட்டுவிட்டு இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு மனமில்லை. அவர் பெயர் மார்த்தா வாஷ்.

1970-களின் இறுதியில் சில்வெஸ்டர் என்ற டிஸ்கோ பாடகருக்குப் பின்னணிக் குரல் கொடுத்தவர். 1982-இல் 'தி வெதர் கேர்ள்ஸ்' என்ற இருவர் குழுவில் 'இட்ஸ் ரெய்னிங் மென்' பாடிப் புகழ் பெற்றவர். சுவரை அதிர வைக்கும் தேவாலயக் குரல். 1990-இல் பிளாக் பாக்ஸ் என்ற இத்தாலியக் குழுவின் ஆல்பத்தில் பல பாடல்களை அவர் பாடினார். வீடியோக்களில் வாயசைத்தது ஒரு மெலிந்த மாடல் அழகி. அதே ஆண்டு சி அண்ட் சி மியூசிக் ஃபேக்டரியின் 'கோனா மேக் யூ ஸ்வெட்' வந்தது. எல்லோரும் ஆடுங்கள் என்று அதிரும் அந்தப் பல்லவியை இன்றும் விளையாட்டு மைதானங்களில் கேட்கலாம். அதுவும் மார்த்தா வாஷின் குரல்தான். அந்த வீடியோவிலும் வாயசைத்தவர் வேறொருவர். மார்த்தா பருமனான பெண். திரையில் காட்டத் தகுதியில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள்.

அவர் வழக்குத் தொடுத்தார். இழப்பீடும் ஒப்பந்தமும் கிடைத்தன. வீடியோவில் அவர் பெயரைக் குறிப்பிடவும் வைத்தார். பாடியவர் யாரோ அவர் பெயரைப் போட்டாக வேண்டும் என்ற நடைமுறை இசைத்துறையில் உறுதிப்பட்டதற்கு அவருடைய வழக்குகள் பெரிய காரணம். ஏறத்தாழ அதே காலத்தில் லோலியாட்டா ஹாலவே என்ற இன்னொரு மாபெரும் குரலுக்கும் இதுதான் நேர்ந்தது. 1980-இல் அவர் பாடிய டிஸ்கோ பாடலிலிருந்து குரலை வெட்டி எடுத்து 1989-இல் பிளாக் பாக்ஸ் ஒரு பாட்டைச் செய்தது. அந்த ஆண்டு பிரிட்டனில் மிக அதிகம் விற்ற சிங்கிள் அது. ஹாலவேயிடம் யாரும் கேட்கவே இல்லை. மாறாத தாளத்தின் முன் முழுத் தொண்டையைத் திறந்து, அதையே பின்னுக்குத் தள்ளிப் பாடும் வகை இவர்களுடையது. அந்தக் குரலை விரும்பிய தொழில், அதற்குரிய உடம்பை விரும்பவில்லை.

குரலே இயந்திரமானபோது

1998-இல் 'பிலீவ்' வெளியானபோது ஷெருக்கு 52 வயது. பாடகியாக முப்பது ஆண்டுகளைக் கடந்தவர். லண்டனுக்கு அருகே மார்க் டெய்லர், பிரையன் ராலிங் என்ற தயாரிப்பாளர்கள் அவர் குரலில் ஆட்டோ-டியூன் என்ற மென்பொருளைப் பயன்படுத்தினார்கள். சுருதி பிசகினால் கேட்பவருக்குத் தெரியாமல் திருத்துவதற்கென்று 1997-இல் வந்தது அது. உருவாக்கிய ஆண்டி ஹில்டிபிராண்ட், எண்ணெய் நிறுவனங்களுக்காக நில அதிர்வுத் தரவுகளை ஆராய்ந்த பொறியாளர். திருத்தும் வேகத்தை உச்சத்துக்குக் கொண்டுபோனால் குரல் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிச் செல்லாமல், படியில் ஏறுவது போலத் தாவும். தயாரிப்பாளர்கள் அதை மறைக்காமல் வெளிச்சம் போட்டுக் காட்டினார்கள். நிறுவனம் அதை நீக்கச் சொன்னபோது ஷெர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். கொஞ்ச காலம் அந்த ரகசியத்தை வெளியே விடாமல், வேறொரு கருவியால் செய்தோம் என்று தயாரிப்பாளர்கள் பத்திரிகையிடம் சொல்லி வைத்தார்கள். பிரிந்தவனைக் கடந்து வாழ முடியும் என்று சொல்லும் பாட்டில், குரல் சில சொற்களில் மட்டும் மனிதத்தன்மையை விட்டு இரும்பாகிறது. பல்லவியில் மறுபடி ரத்தமும் சதையுமாகத் திரும்புகிறது. தொழில்நுட்ப வித்தை பாட்டின் பொருளோடு இப்படிப் பொருந்துவது அரிது.

ஒரு சொற்றொடரின் பயணம்

இந்த இசையில் ஒன்றிலிருந்து ஒன்று எப்படிப் பிறக்கிறது என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ரிஹானாவின் 'டோன்ட் ஸ்டாப் தி மியூசிக்'. 2007-இல் வந்தது. அதில் திரும்பத் திரும்ப வரும் 'மகோசா' மந்திரம் மைக்கேல் ஜாக்சனின் 'திரில்லர்' ஆல்பத்தின் முதல் பாடலிலிருந்து எடுத்தது. ஜாக்சனுக்கு அது எங்கிருந்து வந்தது? கேமரூன் நாட்டு சாக்ஸஃபோன் கலைஞர் மனு டிபாங்கோ 1972-இல் பதிவு செய்த 'சோல் மகோசா' பாடலிலிருந்து. ஆப்பிரிக்கக் கால்பந்துப் போட்டிக்காக எழுதிய பாட்டின் பின்பக்கத்தில் போட்டு வைத்தது அது. நியூயார்க்கில் தன் வீட்டிலேயே நடன இரவுகள் நடத்திய டேவிட் மன்குசோ, புரூக்ளினில் ஒரு கடையில் அந்தத் தட்டைக் கண்டெடுத்து ஒலிக்கவிட, நகரமே அதைத் தேடி அலைந்தது. ஜாக்சனும் பின்னர் ரிஹானாவும் எடுத்தாண்டதற்கு டிபாங்கோ நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

பின்னால் வந்தவர்களை விரைவாகச் சொல்லிவிடலாம். 2008-இல் 'ஜஸ்ட் டான்ஸ்' பாடலோடு வந்த லேடி காகா, மடோனாவின் நாடகத்தனத்தை எடுத்துக்கொண்டு அதோடு ஒரு முழுத் தொண்டைப் பாடகியின் பலத்தையும் சேர்த்தார். அவருடைய ஆரம்பப் பாடல்களைத் தயாரித்த ரெட்ஒன் மொராக்கோவில் பிறந்து சுவீடனில் தொழில் கற்றவர். டுவா லிபாவின் 'ஃபியூச்சர் நாஸ்டால்ஜியா' 2020 மார்ச் இறுதியில், கிளப்புகள் எல்லாம் பூட்டப்பட்ட வாரங்களில் வெளியானது. மக்கள் சமையலறையில் ஆடினார்கள். பியான்சேயின் 'ரினைசான்ஸ்' 2022-இல் வந்தது. டிஸ்கோவையும் ஹவுஸையும் பெற்றெடுத்த கறுப்பின, தன்பாலின ஆடுகளங்களுக்கு வெளிப்படையாக நன்றி சொல்லும் ஆல்பம் அது. நடன, மின்னணு இசை ஆல்பத்துக்கான கிராமி விருதை வென்ற முதல் கறுப்பினப் பெண் என்ற பெயரும் அதனால் அவருக்குக் கிடைத்தது. கறுப்பினக் கிளப்புகளில் பிறந்த இசைக்கான அந்த விருது ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு வர 2023 வரை ஆனதே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

ஆடிக்கொண்டே அழுவது

கடைசியாகச் சுவீடன். டான்ஸ் பாப்பின் கணிசமான பகுதி ஸ்டாக்ஹோமில் எழுதப்பட்டது. டென்னிஸ் பாப் என்ற டி.ஜே. அங்கே நடத்திய ஷெய்ரான் ஒலிப்பதிவுக்கூடத்தில் பயின்றவர்தான் மேக்ஸ் மார்ட்டின்; பிரிட்னி ஸ்பியர்ஸின் முதல் பாட்டு அங்கே உருவானது. அதே கூடத்தில் பதின்வயதில் பாடியவர் ராபின். அமெரிக்காவில் வெற்றியும் கண்டார். ஆனால் பிறர் வகுத்த பாதை பிடிக்காமல் ஒப்பந்தத்திலிருந்து வெளியேறி, 2005-இல் சொந்த நிறுவனம் தொடங்கினார்.

2010-இல் வந்த அவருடைய 'டான்சிங் ஆன் மை ஓன்' பாடலில் கதை ஒரே காட்சிதான். முன்னாள் காதலன் ஆடுகளத்தின் மறுபக்கத்தில் வேறொருத்தியோடு இருக்கிறான். இவள் மூலையில் தனியாக ஆடிக்கொண்டிருக்கிறாள். பாட்டு முழுக்க பேஸ் சிந்தசைசர் இயந்திரத் துப்பாக்கி போலச் சீராக அதிர்கிறது, கொஞ்சமும் இரங்குவதில்லை. ராபின் தாளத்தின் மேல் மிதக்கவில்லை, கரையவும் இல்லை. அதற்கு நேர் எதிரே நின்று பாடுகிறார். உலகம் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்போது துக்கத்தில் இருக்கிறவளின் நிலை அந்த எதிர்நிலையில் முழுதாக வந்துவிடுகிறது. 2019 மார்ச்சில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அவர் நிகழ்ச்சி முடிந்ததும், கலைந்து போன கூட்டம் சுரங்க ரயில் நடைமேடையிலேயே இந்தப் பாட்டைச் சேர்ந்து பாடியது. தனிமையைப் பற்றிய பாட்டை நூற்றுக்கணக்கானோர் ஒரே குரலில் பாடிய காட்சி இணையத்தில் இருக்கிறது, தேடிப் பாருங்கள்.

புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு நான் ஒரு பயிற்சி சொல்வேன். ராபினின் இந்தப் பாட்டும் மைக்கேல் ஜாக்சனின் 'பில்லி ஜீன்' பாட்டும் ஏறக்குறைய ஒரே வேகம், நிமிடத்துக்குச் சுமார் 117 அடி. இரண்டையும் அடுத்தடுத்து ஹெட்ஃபோனில் கேளுங்கள். முதல் முறை டிரம்மை மட்டும் கவனியுங்கள். இரண்டாம் முறை குரல் எந்த இடத்தில் அடியின் மேலேயே விழுகிறது, எந்த இடத்தில் சற்றுப் பிந்துகிறது, எங்கே மூச்சு வாங்குகிறது என்று மட்டும் பாருங்கள். அதன் பிறகு ஜேனட்டின் 'கன்ட்ரோல்' ஆல்பத்தை முதலிலிருந்து கடைசி வரை ஓடவிடுங்கள்.